எழுதி வாங்கியவர்

ஆங்கிலத்தில் அதற்கு ‘சேல் டீட்’ என்று பெயர், அதாவது விற்பனை ஆவணம். அதே காகிதத்தை நம்மூரில் கிரயப் பத்திரம் என்கிறோம். சமஸ்கிருதத்தில் ‘க்ரய’ என்றால் வாங்குவது, ‘விக்ரய’ என்றால் விற்பது. ஒரே காகிதத்துக்கு ஆங்கிலம் விற்பவர் பக்கமிருந்து பெயர் வைத்திருக்கிறது, நாம் வாங்குபவர் பக்கமிருந்து வைத்திருக்கிறோம்.

இதை நான் முதலில் ஒரு சொல் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு ராசிபுரம் பக்கத்துக் காடுகளின் பழைய பத்திரங்களைப் படிக்கப் படிக்க, விஷயம் அவ்வளவு லேசானதல்ல என்று புரிந்தது. (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் காடு என்றால் வனமல்ல, மானாவாரி நிலம்.) ஒரு நிலத்தை வாங்குகிறவருக்கு இந்த மண்ணில் காலத்துக்கொரு பெயர் இருந்திருக்கிறது. கொண்டவர், தாங்கள், ஏலம் எடுத்தவர், கிரயதாரர், பினாமிதாரர், எழுதி வாங்கியவர், பார்ட்டி. ஒவ்வொரு பெயரோடும் ஓர் உரிமையோ ஒரு கடமையோ வந்தது. சில சமயம் அந்தப் பெயருக்குப் பின்னால் வேறொரு ஆள் ஒளிந்திருந்தான். சிலருடைய காடு கைவிட்டுப் போனதற்குக் காரணம், பத்திரத்தில் எதிராளிக்கு எந்தப் பெயர் எழுதப்பட்டது என்பதுதான்.

கொடுத்தலும் கொள்ளுதலும்

வடமொழியிலிருந்து வந்த கிரயம் தமிழில் தன் ஒருபக்கச் சார்பை இழந்துவிட்டது. வாங்குவது, விற்பது, விலை என்று மூன்றுக்கும் அதுவே ஆயிற்று. அப்படியானால் யார் வாங்கினார், யார் விற்றார் என்று எப்படிச் சொல்வது? அதைத் தமிழின் இரண்டு துணைவினைகள் பார்த்துக்கொள்கின்றன. “கிரயம் பண்ணிக் குடுத்துட்டேன்” என்றால் விற்றவர் பேசுகிறார். “கிரயம் பண்ணிக்கிட்டேன்” என்றால் வாங்கியவர் பேசுகிறார். ‘எழுதிக் குடுத்தாரு’, ‘எழுதிக்கிட்டாரு’ என்பதும் அப்படியே. கிரயமும் எழுத்தும் இரண்டு பேருக்கும் பொது. கொடு, கொள் என்ற இரண்டு வினைகள்தான் ஆளைப் பிரிக்கின்றன.

இது மிகப் பழைய பழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை ‘விற்றுக் கொடுத்தோம்’ என்றுதான் வரும். வாங்கியவர் ‘விலைகொண்டு’ உடையவராகிறார். சம்பந்தி உறவைச் சொல்லும் ‘கொண்டான் கொடுத்தான்’ என்ற தொடரிலும் இதே வினைகள்தாம். பெண் கொடுத்த வீடு, பெண் கொண்ட வீடு. நிலமும் உறவும் ஒரே இலக்கணத்தில் கைமாறியிருக்கின்றன.

சோழர் கால விலையாவணங்களில் என்னை நிறுத்தி வைத்த சொல் ‘பொருள் மாவறுதி’. விலைப்பொருள் முழுவதும் கைக்கு வந்து கணக்குத் தீர்ந்துவிட்டது என்பதற்கான சொல் அது. விலை ஓலையே பொருள் மாவறுதிப் பொருட்செலவோலையும் ஆகும், இதைத் தவிர வேறு ஓலை காட்ட வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு வாய்பாடு கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதாவது விற்ற ஓலையே பணம் பெற்ற ரசீது. வாங்கியவரிடம் நாளைக்கு எவனும் வந்து “பணம் குடுத்ததுக்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்க முடியாது. வாங்கியவருக்கு வேண்டிய முதல் பாதுகாப்பு எது என்பதை அந்த ஓலை எழுதியவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ளும் இடத்தில் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை வழக்கை விசாரிக்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று மூன்று வகைச் சான்று அங்கே பேசப்படுகிறது. இன்றைக்கும் ஒரு காட்டு வழக்கில் வக்கீல் கேட்பது இந்த மூன்றைத்தான்: அனுபவம் யாருடையது, பத்திரம் எங்கே, சாட்சி யார்?

‘தாங்கள்’

நான் பார்த்த பழைய கிரயப் பத்திரங்கள் எல்லாம் கடிதங்கள். இன்ன வருஷம் இன்ன மாதம், இன்ன கிராமத்திலிருக்கும் இன்னாருடைய குமாரர் இன்னார் அவர்களுக்கு, இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்னவென்றால், என்று தொடங்கும். விற்பவர் ‘நான்’. வாங்குபவர் ‘தாங்கள்’. காட்டின் நான்கு எல்லைகளைச் சொல்லி, கிணறு, மரம், வண்டிப்பாதை, ஏற்றப்பாங்கு வரைக்கும் சேர்த்து, இவை எல்லாவற்றையும் தாங்களும் தங்கள் வாரிசுகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று முடியும். தானம் கொடுக்கவும் திரும்ப விற்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி இருக்கும். இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியதையும் இல்லை என்று இன்னொரு வரி.

வெறும் மரியாதைக்காக வந்த வடிவமல்ல இது. பத்திரம் என்பது விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு. ஆகவே கையெழுத்து விற்பவருடையது மட்டும். வாங்குபவர் அதில் பேசுவதேயில்லை. எழுத்தறிந்த அரைவாசி ஊருக்கு ஒரே ஒரு பத்திர எழுத்தர்தான் இருந்தார் என்பதால், ஊரில் பத்து வீட்டுப் பத்திரமும் ஒரே கையெழுத்தில், ஒரே நடையில் இருக்கும். பரம்பரைப் பகையாளிகள் இருவர்கூட அந்த நடையில் ஒருவரையொருவர் ‘தாங்கள்’ என்றுதான் அழைத்திருப்பார்கள்.

ஆங்கில வழிப் பத்திரத்தில் இரண்டு பேரும் படர்க்கைக்குப் போய்விடுகிறார்கள். ‘வெண்டார்’, ‘பர்ச்சேசர்’ என்று பட்டம் கட்டி, யாரோ மூன்றாம் மனிதர் இருவரைப் பற்றியும் எழுதுவதுபோல் எழுதுகிறார்கள். இப்போதைய தமிழ்ப் பத்திரத்தில் ‘கிரயம் கொடுப்பவர்’, ‘கிரயம் பெறுபவர்’ என்று வருவது அதன் நிழல். நடுவில் ‘கிரயதாரர்’ என்று ஒரு சொல் நீதிமன்றத் தமிழில் புழங்கியது. அதை உடைத்துப் பார்த்தால் ஒரு சின்ன வரலாறே கிடைக்கும். கிரயம் வடமொழி, ‘தார்’ பாரசீகம், கடைசியில் நிற்கும் ‘அர்’ தமிழ் மரியாதை. பட்டாதாரர், மிட்டாதாரர், பினாமிதாரர் எல்லோரும் அந்தக் குடும்பம்தான்.

ஏலம் எடுத்தவர்கள்

1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, குடியானவரோடு நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை அவர்கள் கையில் இங்கேதான் உருவானது. பிறகு அது மாகாணம் முழுக்கப் போனது பாடப்புத்தகத்திலேயே உண்டு.

பாடப்புத்தகம் சொல்லாமல் தாண்டிப்போகும் ஓர் இடைக்காலம் நடுவில் இருக்கிறது. ரீடும் மன்றோவும் போனபின், 1802க்குப் பிறகான ஆண்டுகளில், வங்காளத்து நிரந்தரத் தீர்வையை இங்கேயும் கொண்டுவந்தார்கள். சேலம் மாவட்டத்தை மிட்டாக்களாகத் துண்டு போட்டு ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் மிட்டாதார். அவர் அரசுக்கு ஆண்டுதோறும் பேஷ்குஷ் கட்ட வேண்டும், குடிகளிடம் தீர்வை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் உண்மையில் எதை வாங்கினார்? நிலத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள், உழுதுகொண்டிருந்தார்கள். மிட்டாதார் வாங்கியது மண்ணை அல்ல, தீர்வை வசூலிக்கும் உரிமையை. ஆனால் ‘வாங்கினேன்’ என்ற ஒரு சொல் அந்த வித்தியாசத்தை மூடிவிட்டது. மழை தவறிய வருஷங்களில் பேஷ்குஷ் கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் திரும்ப ஏலத்துக்கு வந்து, வேறு ஆள் இல்லாமல் அரசே எடுத்து ரயத்துவாரிக்கு மாற்றிக்கொண்டது. மிச்சம் இருந்தவை பல கைமாறின. சேலம் மிட்டாவே பிஷர் என்ற ஐரோப்பியர் கைக்குப் போனது. 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டைப் படிப்பவர்களுக்கு, இந்த மாவட்டத்தின் வருவாய் வரலாற்றில் பாதி இந்த ஏலக் கதைதான் என்று தோன்றும்.

மிட்டா, ஜமீன் எல்லாம் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தன. ஆனாலும் எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்றும் ‘மிட்டாக்காரர்’ என்று சொல்வதைக் கேட்கலாம்.

சட்டம் வைத்த நான்கு பெயர்கள்

1882இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. அதன் 54ஆவது பிரிவு விற்பனை என்றால் என்ன என்று வரையறுக்கிறது: விலைக்கு ஈடாக உடைமையை மாற்றுவது. அந்த விலை கொடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம், கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டதாகவும் இருக்கலாம், பாதி கொடுத்துப் பாதி வாக்களித்ததாகவும் இருக்கலாம். சோழர் காலப் பொருள் மாவறுதியோடு இதை வைத்துப் பார்த்தால் மாற்றம் தெரியும். பணம் முழுதும் தீராமலே வாங்கியவர் உடையவராகலாம். பாக்கிப் பணத்துக்காக விற்றவருக்குச் சொத்தின்மேல் ஒரு பொறுப்புரிமையைச் சட்டம் தனியாக வைத்தது.

அதே பிரிவில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. வெறும் கிரய ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. இங்கிலாந்தில் ஒப்பந்தம் போட்ட நிமிஷமே வாங்குபவர் ‘நியாய உடைமையாளர்’ ஆகிவிடுவார். அதை வேண்டாமென்று இங்கே எழுதிவைத்தார்கள். ஆனால் எங்கள் ஊரில், “அக்ரிமெண்ட் போட்டாச்சுங்க, காடு நம்முளுதுதான்” என்று அடுத்த நாளே வேலி போடுகிறவர்களைப் பார்க்கலாம். சட்டம் அவரை இன்னும் வாங்கியவராக ஏற்கவில்லை. பத்திரம் எழுதித் தரச் சொல்லி வழக்குப் போடும் உரிமைதான் அவரிடம் இருக்கிறது. அதற்கும், பணத்தோடு நான் தயாராக இருந்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும்.

55ஆவது பிரிவுதான் வாங்குபவரின் பாத்திரத்தை வரிசையாகச் சொல்கிறது. விற்பவர் சொத்திலுள்ள மறைவான குறையைச் சொல்லியாக வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது. வாங்குபவருக்கும் அப்படி ஒரு கடமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. விற்பவருடைய உரிமையின் தன்மை அல்லது அளவு பற்றி, விற்பவருக்கே தெரியாத, அதன் மதிப்பைக் கூட்டக்கூடிய ஏதாவது வாங்குபவருக்குத் தெரிந்தால் அவர் அதைச் சொல்ல வேண்டும். உதாரணமாக, தனக்கு அரைப்பாகம்தான் என்று நினைத்து ஒருவர் விற்கிறார். மீதிப் பாகமும் அவருக்கே வந்து சேர்ந்துவிட்டது வாங்குபவருக்குத் தெரியும். அப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது.

ஆனால் கவனியுங்கள், கடமை விற்பவரின் உரிமையைப் பற்றியது மட்டும். காட்டின் மதிப்பைப் பற்றியதல்ல. பைபாஸ் ரோடு அந்த வழியாகத்தான் போகப்போகிறது என்று வாங்குபவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதைச் சொல்லும் கடமை இந்தப் பிரிவில் இல்லை. 1788இல் ஃபாக்ஸ் எதிர் மேக்ரெத் வழக்கில் தர்லோ பிரபு சொன்ன உதாரணம் புகழ்பெற்றது: நிலத்தடியில் சுரங்கம் இருப்பது வாங்குபவனுக்குத் தெரியும், விற்பவனுக்குத் தெரியாது, அதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. சேலத்துக்காரனுக்கு இந்த உதாரணம் வெறும் உதாரணமல்ல. ஊருக்கு வடக்கே, ஆங்கிலேயர்கள் சாக் ஹில்ஸ் என்று பெயரிட்ட குன்றுகளில் வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட். அது சுண்ணாம்புப் பாறை அல்ல, வேறொன்று என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைச் சட்டம் கேட்பதில்லை.

சொத்து மாற்றுச் சட்டம் அவரை ‘பையர்’ என்றும் ‘டிரான்ஸ்ஃபரி’ என்றும் அழைக்கிறது. 1899 முத்திரைச் சட்டத்தின் 29ஆவது பிரிவில் அவர் ‘கிராண்டி’; வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முத்திரைச் செலவு அவர் தலையில். 1908 பதிவுச் சட்டத்தில் அவர் ஆவணத்தின்கீழ் உரிமை கோருபவர். ஒரே மனிதர்தான். பணம் கட்டும்போது ஒரு பெயர், பதியும்போது ஒரு பெயர், வழக்காடும்போது ஒரு பெயர்.

கடன் கொடுத்தவரா, வாங்கியவரா?

இனித்தான் முக்கியமான இடம். மானாவாரிப் பூமியில் குடியானவருக்குப் பணம் வேண்டியிருப்பது இரண்டு சமயம்: மழை வரும்போது விதைக்கு, வராதபோது சோற்றுக்கு. கடன் கொடுப்பவருக்கு அடமானப் பத்திரத்தைவிடக் கிரயப் பத்திரம் பாதுகாப்பு. அதனால் கெடு வைத்துக் கிரயம் எழுதும் பழக்கம் நாடு முழுக்க உண்டாயிற்று. இத்தனை வருஷத்துக்குள் பணத்தைத் திருப்பினால் நிலம் உனக்கு, இல்லாவிட்டால் இதுவே சுத்தக் கிரயம். காகிதத்தில் கடன் கொடுத்தவர் இல்லை, வாங்கியவர்தான் இருக்கிறார்.

வங்காளத்தில் 1806ஆம் ஆண்டின் 17ஆவது ஒழுங்குமுறை, கெடு தாண்டிய பிறகும் கடனாளிக்கு ஒரு வருஷ அவகாசம் கொடுத்தது. சென்னை மாகாணத்தில் அப்படியொன்று இல்லை. 1870இல் பட்டாபிராமய்யர் எதிர் வெங்கடராவ் நாயக்கன் என்ற சென்னை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. எழுதியது எழுதியபடியே என்று தீர்ப்பாயிற்று. கெடு போனால் நிலமும் போயிற்று. ஐந்து வருஷம் கழித்து, 1875இல், தக்காணத்தில் பூனா, அகமதுநகர் பக்கத்துக் குடியானவர்கள் வட்டிக்காரர் வீடுகளில் புகுந்து பத்திரங்களைத் தேடி எடுத்து எரித்தார்கள். அவர்கள் குறி பணமல்ல, காகிதம். அதையடுத்து 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது.

1882 சட்டம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. நிபந்தனைக் கிரயமாக வடிவம் கொண்ட அடமானத்தை அடமானம் என்றே ஏற்று, மீட்கும் உரிமையைக் கொடுத்தது. அதற்குப் பதிலாகப் பத்திர எழுத்தர்கள் கண்டுபிடித்த வழி, இரண்டு பத்திரம். ஒன்று சுத்தக் கிரயம், இன்னொன்று திரும்ப எழுதித் தருவதாகத் தனி ஒப்பந்தம். 1929 திருத்தம் அந்தக் கேள்விக்கு ஒரு கோடு போட்டது: நிபந்தனை அதே பத்திரத்திலேயே இருந்தால்தான் அது அடமானமாகலாம். வழக்குகளைக் குறைக்கப் போட்ட கோடு அது. ஆனால் தனித்தனியாக இரண்டு காகிதத்தில் கைநாட்டு வைத்த குடியானவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். 1954இல் சுன்சுன் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயரைப் பார்க்காதே, கருத்தைப் பார் என்றது. ஆனால் அந்தக் கருத்தையும் முதலில் பத்திரத்தின் சொற்களிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்தக் கோட்டின் விலை என்ன என்பதை 1938இல் பார்க்கலாம். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் ராஜாஜி. சேலத்தில் பல வருஷம் வக்கீலாக இருந்து, அந்த நகராட்சிக்குத் தலைவராகவும் இருந்தவர். சட்டத்துறை அமைச்சர் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். அந்த அரசு கொண்டுவந்ததுதான் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரைக்கும் பாக்கியிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. மந்த காலத்தில் விளைச்சலுக்கு விலையில்லாமல் நொடிந்து கிடந்தவர்களுக்கு அது பெரிய கை.

ஆனால் அது கடனுக்கான சட்டம். கிரயத்துக்கு அல்ல. பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஒரே ஆளிடம், ஒரே வருஷம், ஒரே தொகை வாங்கியிருக்கலாம். ஒருவருடைய காகிதத்தில் எதிராளி ‘அடமானம் பெற்றவர்’, இன்னொருவருடையதில் ‘கிரயம் பெற்றவர்’. முன்னவருக்கு வட்டி போயிற்று, காடு திரும்ப வந்தது. பின்னவருக்குச் சட்டம் வந்ததே தெரிந்திருக்காது.

பிற்காலத்தில் ஒரு சின்ன வழி திறந்தது. 1953இல் மத்திய இந்தியாவில் சப்புபாய் என்ற பெண் 2,000 ரூபாய் கடன் வாங்கி, பாதுகாப்புக்காகத் தன் வீட்டைப் பெயரளவுக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தார். எழுதிய பத்திரத்துக்கு எதிராக வாய்ச்சாட்சி எடுபடாது என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பத்திரம் செயல்பட வேண்டும் என்ற எண்ணமே இருவருக்கும் இல்லை என்று காட்ட வாய்ச்சாட்சி எடுபடும் என்று தீர்ப்பானது. அந்த அம்மாள் ஜெயித்தார். கடன் வாங்கியதற்கும் தீர்ப்புக்கும் நடுவே ஏறக்குறைய முப்பது வருஷம்.

இன்றைக்கும் இந்தப் பழக்கம் போகவில்லை. “கடனெல்லாம் எழுத மாட்டோமுங்க, கிரயமாவே எழுதிக்கலாம், பணம் வந்ததும் திருப்பி எழுதிக் குடுத்தர்றோம்” என்ற பேச்சை லாரி, கோழிப்பண்ணை, ரிக் வண்டி என்று எந்தத் தொழிலுக்குப் பணம் தேடுகிறவரும் எங்கள் மாவட்டத்தில் ஒருமுறையாவது கேட்டிருப்பார். ‘திருப்பி எழுதிக் குடுத்தர்றோம்’ என்பது பத்திரத்தில் இருக்காது.

வாங்கியவர் வேறு, பெயர் வேறு

பினாமி என்ற சொல்லுக்குப் பாரசீகத்தில் ‘பெயரில்லாமல்’ என்று பொருள். பணம் ஒருவருடையது, பத்திரத்தில் பெயர் இன்னொருவருடையது. இங்கிலாந்தில் அப்பா காசில் மகன் பெயருக்கு நிலம் வாங்கினால், மகனுக்குக் கொடுத்ததாகவே சட்டம் ஊகிக்கும். இந்தியாவில் அப்படி ஊகிக்கக்கூடாது என்று 1854இல் கோபிகிருஷ்ண கோசாயின் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது. இங்கே காரணமே இல்லாமல்கூட அடுத்தவர் பெயரில் வாங்குவார்கள் என்பது அவர்கள் கண்டது. அந்த நிலை 1988இல் பினாமித் தடைச் சட்டம் வரும்வரை நீடித்தது. மனைவி, மணமாகாத மகள் பெயரில் வாங்கினால் அது அவர்களுக்காகவே வாங்கியது என்று அந்தச் சட்டம் ஊகத்தைத் திருப்பிப் போட்டது.

பெண் பெயரில் எழுதுவது எங்கள் பக்கம் நெடுநாளைய வழக்கம். பாசம், ராசி, வரி, தொழிலில் நொடித்தால் காடாவது மிஞ்சட்டும் என்ற பயம், எல்லாம் கலந்தது. இப்போது அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அந்தப் பெண் காட்டின் வரப்பை மிதித்திருக்கிறாரா என்பது கட்டண விவரத்தில் வராது.

வாங்கவே கூடாதவர் என்றும் ஒரு வகை இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராகப் பொறுப்பு வகித்த டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் பஞ்சமி நிலங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. இதை மீறி வாங்கியவர் முழு விலை கொடுத்திருந்தாலும், பத்திரம் பதிந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வாங்கியவரே அல்ல. ஆனாலும் அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது என்பதுதான் தமிழ்நாட்டில் பல பத்தாண்டாக நடக்கும் மீட்புப் போராட்டத்தின் அடிப்படைப் புகார். பதிவு அலுவலகம் உரிமை கோருபவரின் பெயரை எழுதிக்கொள்ளும். அவருக்கு உரிமை கோர உரிமை உண்டா என்பது வேறு அலுவலகத்துக் கேள்வி.

பார்ட்டி

இன்றைய தரகர்கள் மொழியில் வாங்குபவருக்குப் பெயர் ‘பார்ட்டி’. “சேலத்திலருந்து பார்ட்டி வருது, காட்டைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைங்க” என்பார்கள். சட்டத்தில் பார்ட்டி என்றால் இரண்டு தரப்பும்தான். தரகர் வாயில் அது பணம் கொண்டுவரும் தரப்பு மட்டும். விற்பவர் ‘காட்டுக்காரர்’. அவருக்கு மண்ணோடு ஒட்டிய பெயர் இருக்கிறது. வாங்குபவருக்கு அஃறிணை வினைமுற்றுதான், ‘வருது’.

பார்ட்டி ஊருக்கு வந்ததும் முதலில் கேட்பது ஈசி, அதாவது வில்லங்கச் சான்று. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். தகவலை அட்டவணையாக்கும்போது எதை விடுகிறோம் என்று பார்ப்பது என் வேலையில் பாதி. வில்லங்கச் சான்று மிக நல்ல அட்டவணை. ஆவண எண், தேதி, தன்மை, ‘எழுதிக் கொடுத்தவர்(கள்)’, ‘எழுதி வாங்கியவர்(கள்)’. கொடு, கொள் என்ற பழைய வினைகளில் ஒன்று ‘வாங்கு’ ஆனதைத் தவிர, கல்வெட்டுக் காலத்து அமைப்பு அப்படியே இருக்கிறது. கிரயமானாலும் தானமானாலும் அடமானமானாலும் அந்த இரண்டு கட்டங்கள்தான். வட்டிக்காரரும், பேத்திக்குத் தோட்டம் வாங்கிக் கொடுத்த தாத்தாவின் பேத்தியும், பெயரை மட்டும் கொடுத்த மச்சினனும் ‘எழுதி வாங்கியவர்’ கட்டத்தில்தான் வருவார்கள்.

2001 வரை வாங்குபவரின் முகம் பத்திரத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வருஷத் திருத்தம் பதிவுச் சட்டத்தில் 32ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நில உடைமை மாறும் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் இருவருடைய புகைப்படமும் விரல்ரேகையும் ஒட்ட வேண்டும். நூற்றாண்டுகளாக ‘தாங்கள்’ என்று அழைக்கப்பட்டுப் பேசாமல் இருந்தவர் முதல்முறையாகப் படத்தோடு உள்ளே வந்தார். ஆள்மாறாட்டத்துக்கு எதிராக அது நல்ல காப்பு. ஆனால் அந்தப் படம் அங்கே இருப்பவர் யார் என்று சொல்லும், எதற்காக வந்திருக்கிறார் என்று சொல்லாது.

அதனால் எங்கள் பக்கம் பணத்தேவைக்குப் பத்திரம் எழுதப்போகும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். தொகையையும் வட்டியையும் பேசும் நேரத்தில் பாதியை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பத்திரத்தில் என்ன பெயர் எழுதப்போகிறார்கள் என்று பார்ப்பதற்குச் செலவழியுங்கள். கடன் கொடுப்பவர் என்றால் கடன் கொடுப்பவர் என்றே இருக்கட்டும். திரும்ப எழுதித் தருவதாகச் சொன்னால் அந்த வரி அதே பத்திரத்தில் இருக்கட்டும். 1929இலிருந்து சட்டம் பார்ப்பது அந்த ஒரு வரி எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதைத்தான்.